நாயகம் எழுதிய தும்புத்தடி

அருமைநாயகத்தின் கார்டில் 'தகவல் தொழில்நுட்ப ஆலோசகர்' என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது. அந்தக் கார்டை மதித்து வாசித்த ஆள் மட்டக்களப்பில் ஒருவரும் இல்லை. புளியந்தீவுக் கடைக்காரர்களுக்கு அவர் 'கொம்பியூட்டர் நாயகம்'. காத்தான்குடியில் 'நாயகம் மாஸ்டர்'. சித்தாண்டியில் அரிசி ஆலை வைத்திருந்தவர் மட்டும் ஒருபடி மேலே போய் 'டொக்டர்' என்பார். ஆலையின் சேர்வர் படுத்துவிட்டால் தொலைபேசியில் அழாக்குறையாக, "டொக்டர், ஆள் மூச்சு விடுது, கண் முழிக்குதில்ல" என்பார். இவரும் சிரிக்காமல், "வாறன், ஒருத்தரும் தொடவேணாம்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைப்பார்.

சேர்வர் என்றால், கடையிலுள்ள மற்றக் கொம்பியூட்டர்கள் எல்லாம் எதை நம்பி வேலை செய்கின்றனவோ அந்தத் தாய்ப்பெட்டி. பில்லும் இருப்பும் படமும் கடிதமும் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். நம்முடைய கடைக்காரர்கள் அந்தப் பெட்டியைக் கடையின் ஆகப் புழுக்கமான மூலையில், மாடிப்படிக்குக் கீழே, ஊதுபத்திக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வாணிவிழா அன்று அதற்குச் சந்தனம் பூசினார்கள். சந்தனம் காய்ந்து சுவிட்ச் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. பின்னேரம் கடை பூட்டும்போது மின்குமிழை அணைப்பதுபோல அதையும் அணைத்தார்கள். ஒரு மருந்துக்கடையில் பல்லி ஒன்று மின்பெட்டிக்குள் புகுந்து கருகிச் செத்துச் சேர்வரையும் கூட்டிக்கொண்டு போயிற்று. திருத்தி முடித்ததும் அந்த முதலாளி, பல்லி எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடந்தது என்று பலன் பார்ப்பதற்காகக் கேட்டார்.

அருமைநாயகம் போனதும் பெட்டியைத் திறக்கமாட்டார். "கடைசியா ஆர் தொட்டது?" என்று கேட்பார். ஒருத்தரும் தொடவில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளேன்டீ வரும்வரை காத்திருப்பார். பாதிக் கோப்பை முடியும்போது யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் சும்மா ஒண்டை அமத்தின..." என்று தொடங்குவார். அவருடைய படிப்பில் பாதிக்கு மேல் அந்தத் தேநீர்க் கோப்பையில்தான் இருந்தது.

இன்னொன்றிலும் அவர் பேர் எடுத்திருந்தார். கைதவறி அழித்துவிட்டோம் என்று தலையில் கைவைத்து இருப்பவர்களுக்கு, அழித்ததை மீட்டுக் கொடுப்பார். "வாசல்ல இருக்கிற பேர்ப்பலகையக் கழட்டினா ஊடு இல்லாமப் போயிருமா? கொம்பியூட்டர் அழிக்கிறது பேர்ப்பலகைய மட்டுந்தான். ஆக்கள் உள்ளுக்குத்தான் இருப்பாங்க" என்று விளங்கப்படுத்துவார். கல்யாண வீட்டுப் படங்கள், ஒரு பங்குத்தந்தை பதினைந்து வருடமாகச் சேர்த்த பிரசங்கங்கள், ஒரு வாத்தியாரின் வினாத்தாள்கள் என்று எத்தனையோ திரும்பி வந்தன. வாங்கிக்கொண்டு போனவர்கள் கடவுளுக்கு அடுத்தபடி நாயகத்தைச் சொன்னார்கள். மனிதருக்கு அது பிடித்திருந்தது, இல்லை என்று சொல்வானேன்.

அவர் கல்யாணம் செய்யவில்லை. கல்லடியில் வாவிப் பக்கமாக இருந்த சின்ன வீட்டில் தனியாகத்தான் இருந்தார். கடல் பொங்கிய அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை பெரியகல்லாற்றில் அவருடைய தங்கை அன்னப்பூரணியின் புருசனைக் கடல் எடுத்தது, வீட்டை எடுத்தது, அலுமாரியை அதற்குள் இருந்த பட அல்பங்களோடு எடுத்தது. மிஞ்சியது பூரணியும் பதினைந்து வயது மகன் நிரோஜனும். இருவரையும் அருமைநாயகம் மோட்டார் சைக்கிளில் ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டு வந்தார். கொண்டு வருவதற்கு வேறு சாமான் இருக்கவில்லை.

நிரோஜன் அதிகம் கதைக்காத பிள்ளை. வந்த புதிதில் கடல் இரைகிற பக்கமாகத் தலைவைத்துப் படுக்கமாட்டான். பிறகு மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கினான், மாமாவின் கறிகளுக்குக் குறை சொன்னான், வர்த்தகப் பாடம் எடுத்து உயர்தரம் படித்தான். தனிக்கட்டையாக இருந்து முரடாகிப்போன அருமைநாயகம், பின்னேரங்களில் நாலரை மணிக்கே வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பெற்ற பிள்ளை இல்லை என்ற குறை அந்த இரண்டு வருடமும் அவருக்கு இருக்கவில்லை.

பதினாறு வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தபோது, புளியந்தீவில் கோணாமலை என்பவர் நடத்திய ஸ்டூடியோவுக்கு அருமைநாயகம்தான் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பித்தார். கோணாமலைக்கு அறுபது வயது; படம் பிடிப்பதில் கெட்டிக்காரர்; சிக்கனத்தில் அதைவிடக் கெட்டிக்காரர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிற்கவைத்து எடுக்க மாட்டார். வெள்ளைச் சேலையைப் பின்னால் கட்டி, ஆறு பேரைத் தோளோடு தோள் உரச நிறுத்தி, ஒரே தட்டாகத் தட்டுவார். பிறகு கொம்பியூட்டரில் ஆறாக வெட்டுவார். "கமராவுக்கும் வயசு போகுது நாயகம், அதையும் பாக்கோணுமே" என்பார். வெட்டியவையும் வெட்டாதவையும் எல்லாம் ஸ்டூடியோச் சேர்வரில் கிடந்தன. அந்தச் சேர்வரைப் பராமரித்தவர் அருமைநாயகம்தான்.

இரண்டாயிரத்து ஏழு தை மாதம் கோணாமலை அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால் மனிதர் தேநீருக்கும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு பேர் வந்தானுகள் நாயகம். உடுப்பப் பாத்தா ஆர்ர ஆக்கள் எண்டு சொல்லேலா. அடையாள அட்டைக்கு எடுத்த படமெல்லாம் வேணுமாம். பதினாறுக்கு மேல, இருவத்தஞ்சுக்குள்ள. ஊர் ஊராப் பிரிச்சுத் தரட்டாம். பின்னேரம் மறுகா வாறமெண்டு சொல்லிப்போட்டுப் போறானுகள்."

அந்த வருடம் எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயுதம் தூக்கிய ஒரு தரப்புக்குப் பயந்தால் போதும் என்ற காலம் போய், எந்தத் தரப்பு என்றே தெரியாமல் பயந்த காலம். படம் ஒன்று கையில் இருந்தால் அதை வைத்துப் பிள்ளையை அடையாளம் காண்பார்கள், தேடி வந்து பிடித்துக்கொண்டு போவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் வீடு வீடாகப் பிள்ளைகளின் படங்களை அடுப்பில் போட்டார்கள். விளையாட்டுப் போட்டிப் படம், பிறந்தநாள் படம், கோயில் திருவிழாவில் காவடி எடுத்த படம், எல்லாம். பெற்றவர்களே தங்கள் பிள்ளைகளின் முகங்களைக் கொளுத்திய ஊர் வேறெங்கும் இருக்குமோ தெரியாது. அருமைநாயகமும் அதைச் செய்திருந்தார். சாமிப்படத்துக்குப் பின்னால் பூரணி ஒளித்து வைத்திருந்த நிரோஜனின் ஒரேயொரு சின்னப் படத்தை அவரே எடுத்து எரித்தார். "யோசிக்காத. ஸ்டூடியோச் சேர்வர்ல இருக்கு. காலம் சரிவந்தாப் பெரிசா ஒண்டு அடிச்சுத் தாறன்" என்று தங்கைக்குச் சொல்லியிருந்தார்.

இப்போது அந்தச் சேர்வருக்கே ஆபத்து வந்தது.

சும்மா அழித்தால் போதாது என்பது மற்ற எவரையும்விட அவருக்குத் தெரியும். பேர்ப்பலகையைக் கழற்றினால் அவரைப்போல ஒரு ஆளைக் கூட்டிவந்து மீட்டுவிடுவார்கள். அதனால் அங்கேயே உட்கார்ந்து சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினார். படம் என்று பேர் உள்ள ஒவ்வொன்றையும் தேடிப்போய், அது இருந்த இடத்தின் மேலே மூன்று தடவை வெறும் பூச்சியங்களை எழுதிவிட்டுப் பிறகு அழிக்கும். வீட்டை இடித்து, கல்லைப் பொடியாக்கி, அந்த நிலத்தை உழுதுவிடுகிற மாதிரி. திரையில் அதற்கு வீடு கூட்டுகிற தும்புத்தடி ஒன்றின் படம் போட்டு, பேரையும் 'தும்புத்தடி' என்றே வைத்தார். எழுதி முடிய மத்தியானம் ஒன்றரை ஆயிற்று.

"ஏதும் ஒண்டு ரெண்டத் தனியா எடுத்து வெப்பமா?" என்று கோணாமலை கேட்டார்.

"ஒண்டையும் வெக்கவேணாம் அண்ணன். சிடியில வெச்சா செக் பொயின்டில புடிபடும். ஊட்ட வெச்சா ஊட்ட வருவானுகள். முழுசாக் கூட்டுவம்."

அவரே பொத்தானை அமத்தினார். நாற்பது நிமிடம் ஓடியது. ஓடிக்கொண்டிருந்த பட்டையைப் பார்த்தபடி இருந்தபோது அவர் நினைத்ததெல்லாம் நிரோஜனைத்தான். கல்லடியில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான் என்பதற்கு இனி ஒரு அத்தாட்சியும் இல்லை, இனி எவனுக்கும் அவன் முகம் தெரியாது என்று நினைக்க, நெஞ்சுக்குள் குளிர்ந்தது. சந்தோசமாக இருந்தது. அதைத்தான் பிறகு அவரால் தாங்க முடியாமல் போயிற்று, அந்தச் சந்தோசத்தை.

பின்னேரம் வந்தவர்கள் கொம்பியூட்டரைக் கிண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கோணாமலையின் கன்னத்தில் ஒரு அறை விட்டுவிட்டுப் போனார்கள். வீங்கின கன்னத்தோடு கோணாமலை மறுநாள் அருமைநாயகத்தைக் கட்டிப்பிடித்து, "ஆயிரம் புள்ளைகளைக் காப்பாத்திப்போட்டாய்" என்றார். கதை மெல்லப் பரவியது. பூரணியின் காதுக்கும் வந்தபோது, அழித்தது மற்றப் பிள்ளைகளின் படங்களைத்தான் என்று சொல்லிவைத்தார். பங்குனி மாதமாவதற்குள் இன்னும் ஏழு இடங்களில் தும்புத்தடி ஏறியது.

வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, ரியூசன் விட்டு வந்துகொண்டிருந்த நிரோஜனை வெள்ளை வான் ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. கூட வந்த இரண்டு பிள்ளைகள் வேலி பாய்ந்து ஓடித் தப்பினார்கள். இவன் சைக்கிள் செயின் கழன்றதென்று குனிந்து நின்றிருக்கிறான். வந்தவர்கள் எந்தப் படத்தையும் எடுத்துப் பார்க்கவில்லை. பேரும் கேட்கவில்லை. கைக்கு எட்டிய பிள்ளையை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அருமைநாயகமும் பூரணியும் போகாத முகாம் இல்லை, கும்பிடாத ஆள் இல்லை. எல்லோரும் 'எங்களிடம் இல்லை' என்றார்கள். கடைசியில் காணாமல் போனவர்களைப் பற்றி முறைப்பாடு எழுதும் ஒரு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண்பிள்ளை பொறுமையாக எல்லாவற்றையும் முறைப்பாட்டுக் கோவை ஒன்றில் எழுதினாள். உயரம், நிறம், உடுத்திருந்த உடுப்பு, இடது புருவத்தில் இருந்த தழும்பு. எழுதி முடித்து, "படம் ஒண்டு தாங்கம்மா" என்றாள்.

"படம் இல்லாட்டி?"

"முறைப்பாடு எடுப்பம். ஆனா எங்கட ஆக்கள் முகாம், ஆசுப்பத்திரி, சிறைச்சாலை எண்டு போய்ப் பாக்கக்குள்ள முகம் தெரியோணுமே. படம் இருக்கிற கோவையத்தான் முதல்ல எடுப்பாங்க."

அன்னப்பூரணியின் முகம் அந்தப் பத்து நாளில் முதல்தடவையாகத் தெளிந்தது. பெருமையாக அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "என்ட அண்ணன் கொம்பியூட்டர் செய்யிறவர் புள்ள. படம் சேர்வர்ல இருக்கு. அழிஞ்சதையே எடுத்துக் குடுக்கிறவர், இருக்கிறத எடுக்கமாட்டாரா? நாளைக்குத் தாறம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த மேசைக்கு முன்னால், அந்தப் பெண்பிள்ளைக்கு முன்னால், 'பூரணி, அது இல்லை' என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். அருமைநாயகம் "ஓம்" என்றார்.

மற்ற வழிகளை எல்லாம் அவர் பார்த்தார். அடையாள அட்டை பிள்ளையின் சட்டைப்பைக்குள்ளேயே போய்விட்டது. கொழும்பில் அடையாள அட்டை அலுவலகத்துக்கு எழுதின கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படுவான்கரையிலிருந்து சண்டைக்குப் பயந்து ஓடிவந்த சனங்களைத் தங்கவைத்திருந்தார்கள். பழைய படிவங்கள் இருந்த அலுமாரி எந்த மூலைக்கு நகர்ந்தது என்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. நிரோஜனின் கூட்டாளிகளிடம் போனால், அவர்களுடைய தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாங்களும் எரிச்சிட்டமே தம்பி" என்றார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் பூரணி சோறு கட்டிக் கொடுத்தாள். அவர் பாலம் கடந்து கோணாமலையின் ஸ்டூடியோவுக்குப் போனார். தன்னிடம் இருந்த மீட்புப் புரோகிராம்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டார். ஹாட் டிஸ்க்கில் படங்கள் இருந்த ஒவ்வொரு அங்குலத்தையும் அவை வாசித்துக் காட்டின. பூச்சியம், பூச்சியம், பூச்சியம். எவ்வளவு நேர்த்தியான வேலை! ஒரு இடத்தில்கூடப் பிசகு இல்லை. மற்றவர்களின் அரைகுறை வேலைகளைத் திட்டித் திட்டியே பதினைந்து வருடம் தொழில் செய்தவர், தான் கவனமில்லாமல் செய்திருக்கக்கூடாதா என்று ஏங்கினார்.

கோணாமலை பக்கத்தில் வந்து நிற்பார். மூன்றாம் நாள், "தங்கச்சிக்குச் சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணன்."

"சொல்லு நாயகம். நீ சொல்லாட்டி நான் எண்டாலும் வந்து சொல்றன்."

"நாளைக்குச் சொல்றன்."

பின்னேரம் வீட்டுக்குத் திரும்பினால் பூரணி வாசல் படலையடியில் நிற்பாள். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே அவருடைய கையைப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு. நாளைக்குப் பாப்பம்" என்பார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் தேநீர் போடுவாள். இப்படிப் பதினாறு நாள். பொய் சொன்னார் என்று நான் அவரைக் குறைசொல்ல வரவில்லை. கோழைத்தனம் என்று சொன்னால் அதை மறுக்கவும் வரவில்லை.

பதினேழாம் நாள் காத்தான்குடியிலிருந்து பாறூக் கூப்பிட்டார். பாறூக்குக்குப் புடவைக்கடை. சேர்வரில் இடம் நிரம்பிவிட்டதாம், பில் அடிக்க முடியவில்லையாம். நிலைமை தெரிந்த மனிதர் என்பதால் கூப்பிடவே தயங்கியிருக்கிறார். அருமைநாயகம் போனார். பாறூக் தேநீரை வைத்துவிட்டு, மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு, தொழுகையில் துஆச் செய்வதாகச் சொன்னார். அதற்குப் பிறகு தன் குறையைச் சொன்னார்.

"பழைய சாரிப் படமெல்லாத்தையும் நானே அழிச்சன் மாஸ்டர். அழிச்ச பொறகும் அதுக்குள்ள என்னமோ கிடக்கு. என்னண்டு பாருங்க."

பார்த்தார். படங்கள் போயிருந்தன. ஆனால் அந்த இடத்தில் விண்டோஸ் தானாகவே எழுதி ஒளித்து வைக்கிற ஒரு கோப்பு மட்டும் கிடந்தது. படங்களைத் திரையில் வரிசையாகச் சின்னச் சின்னதாகக் காட்டுவதற்காக, ஒவ்வொன்றின் நகக்கண் அளவுப் பிரதியையும் அது வைத்திருக்கும். அருமைநாயகத்துக்குத் தெரியாத விசயமல்ல. தெரிந்ததால்தான் மதிக்காமல் விட்டிருந்தார். தும்புத்தடி படம் என்று பேர் உள்ளதைத்தான் கூட்டியது. இதற்குப் படம் என்று பேர் இல்லை.

தேநீர் அப்படியே கிடந்தது. "பாறூக், நான் பொறகு வாறன்" என்று மட்டும் சொன்னார். எழுந்து ஓடினார். பாலத்துச் சென்றியில் சோதனைக்காக வரிசையில் நின்ற கால்மணி நேரமும் வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

ஸ்டூடியோச் சேர்வரில், வெட்டிய தனிப்படங்கள் கிடந்த இடத்தில் அந்த ஒளித்த கோப்பு இல்லை. அவற்றை ஒருவரும் வரிசையாகத் திறந்து பார்த்ததே இல்லை. வெட்டாத படங்கள் கிடந்த இடத்தில் இருந்தது. திறந்தார். நூற்றுக்கணக்கான சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சேலைக்கு முன்னால் ஆறு வெள்ளைச் சட்டைகள். திகதியை வைத்துத் தேடி எடுத்தார். இடமிருந்து மூன்றாவது நிரோஜன். தோள் ஒருபக்கம் கொஞ்சம் சரிந்து நிற்கிற விதத்தில் அது தெரிந்தது. முகம் ஒரு உழுந்து அளவு.

கோணாமலையும் அவரும் அந்த உழுந்தைப் பெருப்பித்தார்கள். பெருப்பிக்கப் பெருப்பிக்க அது சதுரம் சதுரமாகப் பிரிந்தது. கோணாமலை தன் நாற்பது வருட வித்தை எல்லாவற்றையும் காட்டிப் பார்த்தார். மங்கலாக்கினார், வெளிச்சம் கூட்டினார். இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது? கடைசியில் உள்ளங்கை அளவில் இரண்டு பிரதி அச்சடித்தார்கள். தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு பிள்ளை. கிட்டப் போனால் ஒன்றுமில்லை. அச்செந்திரத்திலிருந்து அதை எடுத்துக் கொடுத்தபோது கோணாமலைதான் முதலில் அழுதார்.

பூரணி குசினி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் படத்தை நீட்டியதும் சுளகை எறியாத குறையாக வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்து இரண்டு கையாலும் வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள். கிட்டப் பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள்.

"இதென்ன அண்ணன், தண்ணி பட்டதா?"

"இல்ல பூரணி."

"அப்ப நல்லது எங்க?"

அருமைநாயகம் அவளுக்கு எதிரே நிலத்தில் இருந்தார். "நல்லது இல்ல. நாந்தான் அழிச்சன். தை மாசம் அவனுகள் வரமுந்தி, என்ட கையாலதான் அமத்தினன்."

"அது மத்தப் புள்ளைகள்ட படமெண்டு சொன்னீங்க."

"எல்லாற்றையுந்தான். முதல்ல நினைச்சதே இவனத்தான். இவன்ட முகம் ஒருத்தனுக்கும் தெரியக்கூடா எண்டுதான் செய்தன்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அதற்குத்தான் கிட்ட வந்து இருந்தார். அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, உடைந்த குறுநொய்யை விரலால் ஒதுக்கியபடி மெதுவாகக் கேட்டாள்.

"நல்லதுக்குத்தானே செய்த நீங்க. அதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. இந்தப் பதினாறு நாளும் ஏன் சொல்லாம இருந்தீங்க? நான் சோறு கட்டித் தந்தன். படலையடியில வந்து நிண்டன். நாளைக்கு நாளைக்கு எண்டு சொன்னீங்க. நாளைக்குப் புள்ளட முகம் வரும் எண்டு நினைச்சிக்கிட்டுத்தான் நான் ஒவ்வொரு நாளும் படுத்தன் அண்ணன்."

சிந்திக் கிடந்த அரிசியை அவரும் பொறுக்கிச் சுளகில் போட்டார்.

"படத்தப் பாத்தா அவனுகள் வந்தானுகள்?" என்றாள் பிறகு. "றோட்டில நிண்டவனத்தானே அள்ளிட்டுப் போனானுகள். படம் நமக்குத்தான் தேவைப்பட்டிருக்கு."

மூன்று நாள் அவள் அவரோடு கதைக்கவில்லை. சோறு மட்டும் வைத்தாள். நாலாம் நாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "அதையெண்டாலும் குடுப்பம், வாங்க" என்றாள்.

அலுவலகத்தில் இருந்த பெண்பிள்ளை படத்தை வாங்கிப் பார்த்தாள். முதலில் இப்படித் திருப்பினாள், பிறகு அப்படி. கோவைக்குள் அதை வைத்துக் கிளிப் குத்தி, "வேற கிடைச்சாலும் கொண்டு வாங்க அம்மா" என்று மட்டும் சொன்னாள். கோவையை அவள் எந்த அடுக்கில் வைத்தாள் என்பதை அருமைநாயகம் பார்த்தார். சன்னலோரம், படமில்லாதவை கிடந்த பெரிய அடுக்கில் வைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தார்கள். இரண்டு பிரதி அடித்திருந்ததில் மற்றது பூரணியின் கையில் இருந்தது. பாலத்தடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் ஒருவன் படத்தை வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். என்னவென்று கேட்கவும் அவனுக்குத் தோன்றவில்லை, திருப்பிக் கொடுத்தான். பாலத்தை நடந்து கடந்து, அந்தப் பக்கம் பஸ் வரும்வரை வாவியைப் பார்த்தபடி நின்றார்கள். கீழே இரண்டு தோணிகளில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏறி இருந்த பிறகு அவள் படத்தை மடியில் விரித்தாள்.

"அண்ணன்."

"என்ன?"

"இதுல இவன் கண் துறந்திருக்கானா, மூடியிருக்கானா?"

அருமைநாயகம் குனிந்து பார்த்தார். கண் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு சதுரங்கள். இரண்டு கறுப்பு, இரண்டு மண்ணிறம்.

"துறந்துதான் இருக்கான்" என்றார்.

அவள் அந்த இடத்தை விரலால் தடவினாள். தடவிக்கொண்டே, குரலில் ஒரு கோபமும் இல்லாமல் சொன்னாள்:

"அண்டைக்குப் படம் எடுக்க நான் வரல்ல. நீங்கதான் கூட்டிப் போனீங்க. அப்ப உங்களத்தான் பாத்துக்கிட்டு நிண்டிருப்பான், என்ன?"